வாவு பாய் கடையின் மேற்குச் சுவர்

ராமநாதபுரம், கேணிக்கரை
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ராமலெட்சுமி எழுதிக்கொண்டது. வழிவிடும் முருகன் புண்ணியத்தில் மூட்டுவலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. உங்கள் தொண்டைப் புண் ஆறியதா, கஞ்சி சிரமமில்லாமல் இறங்குகிறதா, மதினிக்குச் சர்க்கரை மட்டுப்பட்டதா என்று எழுதவும்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதாசி எழுதுகிறாளே என்று உங்கள் மகள் ஜோதி சிரிப்பாள். ஆபரேஷனில் உங்கள் குரல் போனதிலிருந்து போன் போட்டால் அவள்தான் எடுத்து இரண்டு பக்கத்துக்கும் பேசுகிறாள். தங்கமான பிள்ளை. ஆனாலும் இந்த விஷயத்தை நடுவில் ஒருத்தியை வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால்தான் தபால்.

போன வாரம் உச்சிப்புளியில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். பஸ்ஸில் இருந்த கூட்டத்தில் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் போய் இறங்கினேன். எதிரே வாவு பாய் கடை. நீங்களும் என் வீட்டுக்காரரும் லாரி ஓட்டின காலத்தில் நாளெல்லாம் அடுப்பு எரிந்த கடையா இது என்று இருந்தது. ஓடு இல்லை, கதவு இல்லை. கல்லா இருந்த இடத்தில் கருவேலம் முளைத்திருக்கிறது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ரோட்டை அகலப்படுத்துவதற்காகச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். ஆவணி மாதத்தில் இடித்துவிடுவார்கள் என்று அங்கே ஆடு மேய்த்தவள் சொன்னாள்.

அதை வைத்துத்தான் எழுதுகிறேன். தங்கச்சிமடத்து மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் பஞ்சம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். முன்பு காவலுக்கு இருந்த ஐஸ் கம்பெனியிலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், அதில் கிடக்கிறாராம். "பேச வேணாமாம்க்கா. வாசல்ல வந்து நின்னுட்டுப் போனாப் போதுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அவரோடு ஒரு வார்த்தை பேசி இருபத்தேழு வருசமாகப் போகிறது. எதனால் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சேதி எழுதி வைக்கிற அந்தக் கடைச் சுவரில் நீங்கள் எழுதிவிட்டு வந்தீர்கள். அவர் அங்கே டீ குடித்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி கொல்லத்துக்கு லோடு கொண்டு போனார். கேட்டதற்கு, சுவரில் ஒன்றுமே இல்லை என்றார்.

நீங்கள்தானே சொல்வீர்கள், கரியால் எழுதினால் சாதாரணச் சேதி, ஆணியால் கீறினால் அவசரச் சேதி என்று. யாருக்கு எழுதியதோ அவன் பார்த்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும் என்றும் சொல்வீர்கள். நீங்கள் ஆணியால் கீறியது இன்னும் இருக்கும். கோடு இருந்தால் அவர் பொய்யர். நான் செய்தது சரி என்று நிம்மதியாக இருந்துகொள்வேன். கோடு இல்லையென்றால் அவர் பார்க்கவே இல்லை. அப்படியானால் உடனே போய் அந்த வாசலில் நிற்க வேண்டும். எந்தச் சுவரில், எந்த இடத்தில் எழுதினீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

மதினிக்கும் ஜோதிக்கும் என் அன்பு.

ராமலெட்சுமி


திருப்பூர்
21.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் உக்கிரபாண்டி. உயிரோடுதான் இருக்கிறேன். தொண்டையில் போட்ட ஓட்டை வழியாக மூச்சு வருகிறது, பேச்சு வரவில்லை. ஹார்ன் கழற்றின லாரி மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். உன் மதினிக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் அவள் பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கிறாள். மூட்டுவலிக்கு விளக்கெண்ணெய் தடவு, டாக்டருக்கு அழாதே.

வாவு பாய் கடையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ரோட்டில் அது ஒன்றா செத்தது? பார்த்திபனூர்ப் புளியமரத்தடிப் புரோட்டாக் கடை, பரமக்குடி வாசலில் பஞ்சர் கடை வைத்திருந்த மலையாளத்தான், சத்திரக்குடியில் வெள்ளைப் பணியாரம் சுட்ட கிழவி, ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கிய பழைய சத்திரம், எல்லாம் போச்சு. பைபாஸ் வந்த பிறகு வண்டி ஊரைத் தொடாமலே ஓடுகிறது. பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்த புதிதில் நான் ஓட்டிப் போனது நினைவிருக்கிறதா? அதுவரைக்கும் மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடும். பாலத்தின் நடுவில் காற்று வண்டியைத் தள்ளும். மாப்பிள்ளை மட்டும் பீடியை வாயில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்.

வாவு பாய் கடைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து வருகிற வண்டி கிழக்கே நிற்க வேண்டும், மதுரைப் பக்கமிருந்து வருகிறது மேற்கே நிற்க வேண்டும். மாறி நிறுத்தினால் பாய் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் தெரியாத மனுசன். குழம்பு கேட்க வேண்டியதில்லை, தட்டைப் பார்த்து ஊற்றுவார். அவர் மவுத்தாகிப் பன்னிரண்டு வருசம் ஆகிவிட்டது.

சுவரைக் கேட்டிருந்தாய். எழுதினது எழுதினதுதான். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் எந்தச் சுவர் எந்த மூலை என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பழசைக் கிளறாதே. மாப்பிள்ளையைப் போய்ப் பார்ப்பதென்றால் பார், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உ. பாண்டி


ராமநாதபுரம்
1.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சிரிக்க வைக்கிற அளவுக்குத் தேறியிருப்பது நிம்மதி. நான் இங்கே சுகம்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரு வரி. சத்திரக்குடிப் பணியாரம் ஞாபகம் இருக்கிறது, உங்கள் கையால் கீறின இடம் ஞாபகம் இல்லையா?

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது அண்ணே. கார்த்திகை ஏழாம் தேதி, திங்கள்கிழமை. காளீஸ்வரிக்கு நாலு வயது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னதும் தலைவிரி கோலமாக ரோட்டுக்கு ஓடி வந்தேன். நீங்கள் காலி வண்டியோடு ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தீர்கள். அவர் அங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மீன் ஏற்றிவிட்டால் ஐஸ் உருகுமே என்று வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விடுவார். அதனால்தான் உங்கள் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "நா சொல்லிருதேன், நீ பிள்ளகிட்டப் போ" என்றீர்கள். அவரை அங்கே காணவில்லை, ஆனால் போகிற வழியிலேயே சுவரில் கீறிவிட்டேன் என்று பிறகு சொன்னீர்கள்.

புதன்கிழமை பிள்ளை போனாள். கடைசி வரைக்கும் அப்பாவைத்தான் கேட்டாள். அவர் வெள்ளிக்கிழமை ஒரு ஜோடி சிப்பி வளையலோடு வந்து நின்றார். "சுவத்துல ஒண்ணுமே இல்லயே, லெட்சுமி" என்றார். நீங்கள் முற்றத்தில் நின்று, எழுதினேன் என்றீர்கள். உங்கள் இரண்டு பேரில் ஒருவரை நம்ப வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவரை நம்பினேன். ஒரு வருசம் என் வீட்டிலேயே இருந்து பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். உடனே எழுதுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

ராமலெட்சுமி


ராமநாதபுரம்
27.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஜோதிக்குப் போன் போட்டு உடம்பை மட்டும் விசாரித்தேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரு அத்தை. ஒங்க லெட்டர தலமாட்டுல வச்சுத் திருப்பித் திருப்பிப் படிக்காரு" என்றாள். படிக்கிறவருக்கு எழுத முடியவில்லையா?

பஞ்சம்மாள் மறுபடி வந்தாள். அவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டதாம். உப்பில்லாத கஞ்சிதான் ஆகாரமாம். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஆடி முடிந்ததும் நானே போய் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்க்கப் போகிறேன்.

ராமலெட்சுமி


திருப்பூர்
4.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். இடையில் சளி கட்டிக்கொண்டது, அதனால் எழுதவில்லை.

அந்த இடிந்த கடைக்குள் போகாதே. பாம்பு இருக்கும், சுவர் சரிந்து மேலே விழும். அறுபதை நெருங்குகிற வயதில் அதெல்லாம் தேவையா? அப்படியே எதையாவது பார்த்தாலும் அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடாதே. சுவருக்குப் பாதிதான் தெரியும்.

நான் சொல்வதைக் கேள். சுவரைப் பார்க்க வேண்டாம். நேரே தங்கச்சிமடம் போ. மாப்பிள்ளையைப் பார். மற்றதெல்லாம் போகட்டும்.

உ. பாண்டி


ராமநாதபுரம்
18.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சளி விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓய்ந்துபோய்க் கிடக்கிறது, ஆனாலும் ஒரு தெளிவு.

நேற்று ஆவணி முதல் நாள் போனேன். போகும்போது தூக்குச்சட்டியில் உப்பில்லாத கஞ்சி எடுத்துக்கொண்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அண்ணே. சுவரில் கோடு இருக்காது, அப்படியே அடுத்த பஸ்ஸில் தங்கச்சிமடம் போய்விடலாம் என்று என் மனசு முடிவு கட்டியிருந்தது. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

கை கழுவும் தொட்டி இருக்கிற பக்கம், தாழ்வாரம் இறங்கியிருந்த சுவரில் இருக்கிறது. மேலே ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைக் கிழித்ததும் உங்கள் கையெழுத்து தெரிந்தது. "4417 வழிவிட்டான். பிள்ளைக்கு ரொம்ப முடியலை. பெரியாஸ்பத்திரி. உடனே போ. உ.பாண்டி 23.11.98." அவர் வண்டி நம்பர், அவர் பேர் எல்லாம் சரியாக இருக்கிறது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

குறுக்கே கோடு இருக்கிறது. ஒரே இழுப்பில், காரை பெயர்கிற அளவுக்கு ஆழமாக.

பார்த்திருக்கிறார். பார்த்துக் கோடும் போட்டுவிட்டு, மீன் கெட்டுவிடுமே என்று கொல்லம் போயிருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கஞ்சியை அந்தச் சுவரடியிலேயே ஆட்டுக்கு ஊற்றினேன். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

இத்தனை நாள் பதில் எழுதாமல் நீங்கள் அவரைத்தான் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. உங்களையும் ஒரு கணம் சந்தேகப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். இனி அந்த வாசலுக்கு நான் போக மாட்டேன். பஞ்சம்மாளிடமும் சொல்லிவிட்டேன்.

ராமலெட்சுமி


திருப்பூர்
23.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு சரியில்லை. விவரமாகப் பிறகு எழுதுகிறேன். அதற்குள் மனசைக் கல்லாக்கிக்கொள்ளாதே.

உ. பாண்டி


திருப்பூர்
29.8.2025

லெட்சுமி,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கோடு மாப்பிள்ளை போட்டதுதான். ஆனால் எப்போது போட்டார் என்பது சுவரில் இருக்காது. எனக்குத் தெரியும்.

வண்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துச் சுவர்தான் அவனவன் சுவர். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவன் கிழக்குச் சுவரைத்தான் பார்ப்பான். மாப்பிள்ளை ராமேஸ்வரத்திலிருந்து வரப்போகிறவர். நான் எழுதியிருக்க வேண்டியது கிழக்கே. நீ பார்த்தது மேற்குச் சுவர்.

அன்றைக்கு நல்ல மழை. கார்த்திகை மழை கிழக்கே இருந்துதானே அடிக்கும். மேற்கே தாழ்வாரத்துக்குக் கீழே நான் நனையாமல் நின்றேன். கிழக்குச் சுவருக்குப் பத்து எட்டு நடக்க வேண்டும். நடக்கவில்லை. கை கழுவத் தொட்டிக்கு எல்லாரும் மேற்கேதானே வருவார்கள், அவரும் வருவார் என்று நினைத்து அங்கேயே கீறிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கிழக்கே வண்டியிலிருந்து இறங்காமலே டீயை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிள்ளைக்குப் பதினாறாம் நாள் முடிந்து நான் போனபோது பார்த்தேன். கோடு இல்லாமல் இருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று வண்டியைத் திருப்பினேன். வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். "நல்லவேளை எனக்கு நீங்களாச்சும் இருக்கீங்க அண்ணே" என்று சோறு போட்டாய். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் போனபோது கோடு இருந்தது. வாவு பாய் சொன்னார். "ஒங்க மாப்பிள்ள வந்தாரு. மேக்குச் சுவரப் பாத்துக்கிட்டே நின்னாரு. டீ கொடுத்தேன், குடிக்கல. பொறவு ஆணி இருக்கான்னு கேட்டாரு." அவருக்கு எழுதின சேதியை அவர் பார்த்துவிட்டார். முறைப்படி கோடு போட்டார். அவ்வளவுதான்.

பரமக்குடி செக்போஸ்ட்டில் ஒரு நாள் என் வண்டிக்குப் பின்னால் அவர் வண்டி நின்றது. இறங்கிப் போய், நானே லெட்சுமியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஒங்க தங்கச்சிக்கு இப்ப நீங்க ஒருத்தர்தான் மச்சான் மிச்சம். அதையும் பிடுங்கணுமா" என்றார். அவரே சொன்ன பிறகு என்ன என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகும் ரோட்டில் எதிர்ப்பட்டால் எப்போதும் போல லைட்டைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போவார். எனக்குத்தான் கண்ணைத் திருப்ப வேண்டியிருக்கும்.

அவர் பொய் சொல்லவில்லை, லெட்சுமி. அவர் பார்த்த சுவரில் ஒன்றுமே இல்லை. போய்ப் பார். என்னைத் திட்ட வேண்டியதைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.

உ. பாண்டி

பின்குறிப்பு: இன்று செப்டம்பர் 6. எட்டு நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் தபாலில் போட ஜோதியிடம் கொடுக்கிறேன்.


ராமநாதபுரம்
15.9.2025

உக்கிரபாண்டி அண்ணனுக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அவர் எட்டாம் தேதி காலையில் போய்விட்டார்.

பஞ்சம்மாள் போனில் சொன்னாள். நான் போகவில்லை. பொய்யனுக்கு என்ன சாவு, என்ன எழவு என்று அன்றைக்கு உட்கார்ந்து மாவு ஆட்டினேன். துணி துவைத்துக் காயப்போட்டேன். கூட வேலை பார்த்த சூசை என்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான் கொள்ளி வைத்தாராம். சொந்தம் என்று ஒருவரும் வரவில்லையே, அப்படியே விட முடியுமா என்று வைத்தாராம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதினொன்றாம் தேதி தங்கச்சிமடம் போனேன். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் பத்துக்கு எட்டு அறை. ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது. கட்டில் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துக் கிடந்தது. காற்று வராதே, ஏன் இப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டேன். "நீங்க வந்து நின்னாத் தெரியணும்னு அவருதான்க்கா திருப்பிப் போடச் சொன்னாரு. ரெண்டு மாசமா இப்பிடித்தான் கெடந்தாரு" என்றாள் பஞ்சம்மாள். அந்த வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்க ஆள் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாவு பாய் கடை இல்லை. மண்ணை நிரவிக்கொண்டிருந்தார்கள். இனி கிழக்குச் சுவரும் இல்லை, மேற்குச் சுவரும் இல்லை.

மழைக்கு ஒதுங்கினதை நான் மன்னித்திருப்பேன் அண்ணே. அன்றைக்கு நீ நினைத்தது தப்பாகப் போனது, யாருக்கும் நடக்கும். ஆனால் கோட்டைப் பார்த்துவிட்டேன், இனி போக மாட்டேன் என்று நான் எழுதின கடிதம் இருபத்து மூன்றாம் தேதி உன் கையில் இருந்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். பக்கத்து அறையில் ஜோதி இருந்தாள், அவள் கையில் போன் இருந்தது. "அத்தையைத் தங்கச்சிமடம் போகச் சொல், அவர் பொய் சொல்லவில்லை" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருந்தால் அரை மணியில் நான் பஸ் ஏறியிருப்பேன். நீ கடிதம் எழுதினாய். எழுதி எட்டு நாள் அதன் மேல் தலைவைத்துப் படுத்தாய். அன்றைக்கும் பத்து எட்டு நடக்கவில்லை, இன்றைக்கும் நடக்கவில்லை.

அவர் எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனது உன்னைத்தான். உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்க வேண்டாம். பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்து எனக்கே திருப்பி அனுப்பிவிடு. நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

ராமலெட்சுமி